ஃபார்மேட் போட்டால் தீராதது

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரை எங்கள் வீட்டுக் கணினிக்குள் கொண்டுவந்து விட்டவன் நான். ஆன்டிவைரஸை என் கையால் நிறுத்திவிட்டு, திருட்டு மென்பொருள் ஒன்றை நிறுவியதால் அது வந்தது. பிறகு, மீட்க வாய்ப்பிருந்த கோப்புகளை அவசரப்பட்டு ஃபார்மேட் போட்டு அழித்தேன். என்னை நம்பி அதே கணினியைப் பயன்படுத்திய பக்கத்து வீட்டாரிடம் நடந்ததை மறைத்தேன். அந்த மௌனத்துக்கான விலையை அவர்கள் கொடுத்தார்கள். இந்த மூன்றுக்கும் நானே பொறுப்பு.

என்னைப் போல, ‘கம்ப்யூட்டர் தெரிந்தவர்’ என்று பெயர் வாங்கிய ஒருவர் பெரும்பாலான தெருக்களில் இருக்கிறார். அவர் சொல்வதை வைத்துத்தான் பல வீடுகளில் முடிவு எடுக்கிறார்கள். அப்படிப்பட்டவரின் அரைகுறை அறிவு என்ன செய்யும் என்பதை, செய்தவன் வாயால் சொன்னால்தான் சரியாக இருக்கும் என்று தோன்றியது.

மன்னார்குடியில் நான் இயற்பியல் ஆசிரியர். கணினி கற்றது 1990களின் கடைசியில், ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். அந்தக் காலத்தில் எங்களை மிரட்டியது சிஐஎச். செர்னோபில் என்றும் சொல்வார்கள். தைவானில் சென் இங்-ஹாவ் என்ற மாணவர் எழுதியது. ஒரு நிரலின் கோப்புக்குள் காலியாகக் கிடக்கும் இடுக்குகளில் தன்னைத் துண்டு துண்டாகச் செருகிக்கொள்ளும். கோப்பின் அளவு கூடாது என்பதால் சந்தேகமும் வராது. 1999 ஏப்ரல் 26 அன்று அது விழித்துக்கொண்டு, பல நாடுகளில் ஹார்ட் டிஸ்க்குகளின் தொடக்கப் பகுதியை அழித்தது. சில மதர்போர்டுகளில் பயாஸ் சிப்பையே குலைத்துவிட்டது.

இன்னொரு நிரலின் உடம்பில் ஒட்டிக்கொண்டு, அந்த நிரல் ஓடும்போதெல்லாம் பெருகுவதுதான் வைரஸ். டிஸ்க்கை முழுக்கத் துடைத்துவிட்டு விண்டோஸை மறுபடி போட்டால் பெரும்பாலும் தொல்லை விட்டது. அப்போது எங்களுக்குக் கற்றுத்தந்த வைத்தியம் அந்த நோய்க்குச் சரியானதே. அதற்கு மேல் எதையும் கற்றுக்கொள்ளாமல் இருபது ஆண்டுகள் ஓட்டியது என் குற்றம். எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரை எழுதித் தரும் போலி வைத்தியரின் வேலையைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன்.

பிறகு பென் டிரைவ் காலம் வந்தது. ஜெராக்ஸ் கடையில் செருகி எடுத்துவந்த பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கும். ‘சார், என் புராஜெக்ட் போச்சு’ என்று மாணவர்கள் கண்கலங்கி வந்து நிற்பார்கள். கோப்புகள் எங்கும் போயிருக்காது. மறைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். கறுப்புத் திரையைத் திறந்து அட்ரிப் கட்டளையை அடித்தால் எல்லாம் மறுபடி தெரியும். பார்த்தவர்கள் வியந்தார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

ஆனால் அந்த ஷார்ட்கட்டை ஏற்கெனவே யாராவது கிளிக் செய்திருந்தால், கணினி தொடங்கும்போதே ஓடும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். அடுத்து எந்தப் பென் டிரைவைச் செருகினாலும் அதில் தன் நகலை வைக்கும். நான் அதைத் தேடியதே இல்லை. மறைந்திருந்த கோப்பைக் காட்டிவிட்டு நன்றியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவேன். அந்தப் பிள்ளைகள் அடுத்த கணினிக்கு அதைச் சுமந்து போனார்கள்.

இதைவிட மோசமான ஒன்றும் செய்தேன். தெருவில் பல வீடுகளுக்கு விண்டோஸ் போட்டுக் கொடுத்தது நான்தான். காசு கொடுத்து வாங்காத விண்டோஸ். அப்டேட் ஆனால் ‘இது அசல் அல்ல’ என்று திரையில் வந்துவிடுமே என்று அஞ்சி, அப்டேட்டை நிறுத்திவிட்டுத்தான் ஒப்படைப்பேன். கேட்டால், ‘டேட்டா வீணாகும், சிஸ்டம் ஸ்லோ ஆகும்’ என்பேன்.

2017 மே 12 அன்று வானாகிரை பரவியது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகள் பூட்டப்பட்டன. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அந்த வாரம் தெருவில் எல்லோரும் என்னிடம்தான் கேட்டார்கள். ‘தெரியாத மெயிலைத் திறக்காதீங்க, போதும்’ என்று சொல்லி அனுப்பினேன். அது தவறான அறிவுரை. வானாகிரை ஒரு புழு. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. கோப்புகளைப் பகிர்வதற்காக விண்டோஸில் இருந்த வசதியின் ஓட்டை வழியே, ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தானே தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. பாதுகாப்புக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். அதைத்தான் நான் வீடுவீடாகப் போய் நிறுத்தி வைத்திருந்தேன். எங்கள் தெருவில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகாததால் நான் திருந்தவும் இல்லை.

2020இல் பள்ளிகள் மூடப்பட்டன. பிள்ளைகளுக்குப் பாடங்களை வீடியோவாக எடுத்து அனுப்பத் தொடங்கினேன். வெட்டி ஒட்ட நல்ல மென்பொருள் தேவைப்பட்டது. இலவசமாகவே நல்லவை கிடைத்தன. ஆனால் எனக்கு விலையுயர்ந்த ஒன்று, விலையில்லாமல் வேண்டியிருந்தது. காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த கிராக் பதிப்பைத் தேடி இறக்கினேன். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஸிப் ஃபைல் அது. கூடவே ஒரு குறிப்பு: பாஸ்வேர்டு இது, நிறுவும் முன் ஆன்டிவைரஸை நிறுத்திவிடு.

அந்தப் பாஸ்வேர்டு எதற்கு என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். பூட்டிய ஸிப்புக்குள் இருப்பதை ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது. உள்ளே இருப்பதை அதன் கண்ணில் படாமல் என் வீட்டுக்குள் கொண்டுவருவதற்கே அந்தப் பூட்டு. திறந்தபின் கண்டுபிடித்துவிடுமே என்பதற்காகத்தான், அதை நிறுத்தச் சொல்லும் குறிப்பு. ஆன்டிவைரஸ் சிவப்பு எழுத்தில் எச்சரித்தது. ‘கிராக் என்றாலே இது இப்படித்தான் கத்தும்’ என்று வருடக்கணக்கில் மற்றவர்களுக்குச் சொல்லிவந்ததை அன்று எனக்கும் சொல்லிக்கொண்டு, நிறுத்தினேன்.

நிறுவும் கோப்பை இயக்கியதும் விண்டோஸ் அப்டேட் போலவே ஒரு சின்ன ஜன்னல் திரையில் வந்தது. சதவீதம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. சிபியுவின் ஃபேன் சத்தம் கூடியது. ஹார்ட் டிஸ்க்கின் விளக்கு அணையாமல் துடித்தது. நானே அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்த கணினியில் அப்டேட் எப்படி ஓடும் என்று எனக்குத் தோன்றவில்லை. சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது படங்களின் சிறுவடிவம் எதுவும் தெரியவில்லை. எல்லாம் வெள்ளைத் தாளாக நின்றன. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் பொருளில்லாத நான்கு எழுத்துகள் சேர்ந்திருந்தன. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ரீட்மீ என்ற பெயரில் ஒரு கடிதம். உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டன. சாவியின் விலை 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் 490. கடைசியில் நீளமான ஒரு அடையாள எண்.

மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள், அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோ, நான் தயாரித்த வினாத்தாள்கள், அத்தனையும் அதற்குள். பின்னால் நின்று பார்த்த என் மனைவி அந்தக் கடிதத்தைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டாள். ‘எப்படிங்க வந்துச்சு?’ என்றாள். ‘நெட்டுலேர்ந்து தானா வந்திருக்கு’ என்றேன். அன்று சொன்ன முதல் பொய் அது.

அன்றிரவே முழு டிஸ்க்கையும் ஃபார்மேட் போட்டேன். செய்ததன் தடயம் வீட்டில் இருக்கக்கூடாது என்ற பதற்றம்தான் என்னை அவ்வளவு வேகமாக இயக்கியது. ‘வைரஸை ஒழித்துவிட்டேன்’ என்ற நிம்மதி அதற்கு நல்ல திரையாக இருந்தது.

பல மாதங்களுக்குப் பிறகுதான் என் கணினியில் நடந்தது என்ன என்று உட்கார்ந்து படித்தேன். அந்தக் கடிதமும் அந்த விலையும் ஸ்டாப் டேஜாவூ என்ற ரான்சம்வேர் குடும்பத்தின் கையெழுத்து. பெரிய நிறுவனங்களைவிட வீட்டுக் கணினிகளைத்தான் அது அதிகம் பிடிக்கிறது. பெரும்பாலும் கிராக் வழியாகவே வருகிறது. நல்ல மென்பொருள் போல வேஷம் போட்டு, நம் கையாலேயே உள்ளே வருவதை ட்ரோஜன் என்கிறார்கள். எனக்கு வந்தது அந்த வகை.

இதில் புதிதாக எதுவும் இல்லை என்பதுதான் என்னை இன்னும் குறுக வைத்தது. 1989இலேயே ஜோசப் பாப் என்பவர் எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லி ஏறத்தாழ 20,000 ஃபிளாப்பிகளைத் தபாலில் அனுப்பினார். கணினியைக் குறிப்பிட்ட தடவை இயக்கியபின் அவற்றிலிருந்த நிரல் கோப்புப் பெயர்களைக் குலைத்து, பனாமாவில் உள்ள ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது. வேஷம் போட்டு வருவது, பூட்டுவது, பணம் கேட்பது எல்லாம் நான் கணினியைத் தொடும் முன்பே நடந்துவிட்டவை. தெரிந்துகொள்ள எனக்கு நேரம் இருந்தது, அக்கறைதான் இல்லை.

படிக்கப் படிக்க இரண்டு விஷயங்கள் என்னை உலுக்கின. ஸ்டாப் டேஜாவூ, பூட்டத் தொடங்கும் முன் தன் தலைமைக் கணினியிடம் அந்தந்த ஆளுக்குத் தனிச் சாவி ஒன்றைக் கேட்டு வாங்கும். அந்தத் தொடர்பு கிடைக்காவிட்டால், தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் பொதுச் சாவியால் பூட்டும். அந்தச் சாவி, அதே ரகத்திடம் அப்படி மாட்டிய எல்லோருக்கும் ஒன்று. யாராவது ஒருவர் வழியாக அது வெளியே வந்துவிட்டால் மற்றவர்களின் கோப்புகளையும் திறக்கலாம். எம்சிசாஃப்ட் நிறுவனம் அதற்கென இலவசக் கருவியை 2019 அக்டோபரிலேயே வெளியிட்டிருந்தது. பூட்டியது பொதுச் சாவியா என்று அறிய ஒரு அடையாளம் உண்டு: கடிதத்தில் உள்ள அடையாள எண் டி1 என்று முடியும்.

மனைவியின் போனில் அந்தப் படம் இன்னும் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். எண் டி1 என்றுதான் முடிந்திருந்தது.

பூட்டிய கோப்புகளை வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தால், அன்றில்லாவிட்டாலும் ஒரு நாள் அவை திறந்திருக்கக்கூடும். நான் ஃபார்மேட் போட்டுவிட்டேன். மகளின் படங்களை அழித்ததில் ரான்சம்வேருக்குப் பாதிப் பங்கு. மீதிப் பாதி என்னுடையது. மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் ஒன்றும் பேசாமல் போனை வாங்கிக்கொண்டாள். கிராக் விஷயத்தையும் அப்போதுதான் சொன்னேன்.

இரண்டாவது விஷயம் இதைவிடக் கனமானது. கிராக் மூலம் வரும் இந்த ரான்சம்வேர் பல நேரங்களில் தனியாக வருவதில்லை. கூடவே அஸோரல்ட், வைடார் போன்ற ‘திருடி’ நிரல்களையும் இறக்கிவிடுகிறது. ரான்சம்வேர் சத்தம் போடும். பணம் வேண்டுமே, தன் வருகையை அறிவித்துத்தான் ஆகவேண்டும். திருடி சத்தம் போடாது. பிரவுசரில் சேமித்திருக்கும் பாஸ்வேர்டுகள், குக்கீகள், டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஆவணங்கள் எல்லாவற்றையும் சில நிமிடங்களில் சுருட்டி அனுப்பிவிட்டுப் போய்விடும்.

பிரவுசர் நம் பாஸ்வேர்டுகளைப் பூட்டித்தான் வைத்திருக்கிறது. ஆனால் அப்போது அந்தப் பூட்டு பெரும்பாலும் நம் விண்டோஸ் கணக்கோடு கட்டப்பட்டிருந்தது. நம் கணக்கில் ஓடும் ஒரு நிரல் திறக்கச் சொன்னால், நாமே கேட்பதாக எண்ணித் திறந்துவிடும். குக்கீ இன்னும் ஆபத்தானது. ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் நாம்தான் என்பதற்கான சான்று அது. அது கையில் இருந்தால் பல நேரங்களில் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். ஃபார்மேட் டிஸ்க்கைத்தான் துடைக்கும். வெளியே போனதைத் திருப்பிக் கொண்டுவராது.

எங்கள் கணினியில் என் பாஸ்வேர்டு மட்டும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா தையல் வேலை செய்பவர். அவருடைய மகன் கல்லூரியில் படித்தான். அவர்கள் வீட்டில் கணினி இல்லாததால் விண்ணப்பம், மெயில், ஃபேஸ்புக் எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவான். ‘பாஸ்வேர்டைச் சேமிக்கவா?’ என்று பிரவுசர் கேட்டபோது, ‘சேமிச்சுக்கடா, ஒவ்வொரு தடவையும் அடிக்க வேணாம்’ என்று சொன்னது நான்தான். என் வார்த்தையை நம்பி அவன் ஆம் என்று அழுத்தினான்.

கிராக் போட்ட அன்றிரவே என் போனுக்கு ஒரு மெயில் வந்தது: உங்கள் கணக்கில் புதிய கருவியிலிருந்து நுழைய முயன்றிருக்கிறார்கள். பார்த்தேன். என் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினேன். ஏதோ வெளியே போயிருக்கிறது என்ற சந்தேகம் எனக்கு அப்போதே வந்தது. வந்தும், அந்தப் பையனிடம் சொல்லவில்லை. சொன்னால் எப்படி என்று கேட்பான். கிராக் போட்டேன் என்று சொல்ல வேண்டும். வகுப்பில் நேர்மை பேசும் வாத்தியாரின் முகம் என்னாவது? மறுநாள் வந்தவனிடம், ‘ஹார்ட் டிஸ்க் போயிடுச்சுப்பா, புதுசா ஓஎஸ் போட்டிருக்கேன்’ என்றேன். இரண்டாவது பொய்.

சில வாரங்கள் கழித்து அவனுடைய ஃபேஸ்புக் கணக்கிலிருந்து சொந்தக்காரர்களுக்குச் செய்தி போனது: அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், அவசரமாகப் பணம் வேண்டும். கொரோனா காலம். யாரும் சந்தேகப்படவில்லை. திருப்பூரில் இருந்த அவனுடைய சித்தப்பா உடனே பணம் போட்டுவிட்டார். உண்மை தெரிந்தபோது பணம் போயே போய்விட்டது. பையன் பாஸ்வேர்டை யாரிடமோ கொடுத்திருக்கிறான், கூடாத சகவாசம் என்று உறவில் பேச்சு கிளம்பியது. அவன் கூனிக்குறுகி நின்றதை என் வாசலிலிருந்தே பார்த்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. ‘பாஸ்வேர்டை ஸ்ட்ராங்கா வெச்சுக்கணும்ப்பா’ என்று அவனுக்கு அறிவுரை வேறு சொன்னேன். என் வாழ்க்கையில் நான் மிகவும் வெட்கப்படும் வாக்கியம் அது.

அந்த டி1 எண்ணைப் பார்த்த பிறகுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், தையல் மெஷினிலிருந்து கையை எடுத்தார். ‘அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே மாத்தியிருப்பானே தம்பி’ என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பணத்தை நான் கொடுத்துவிடுகிறேன் என்றேன். ‘பணத்தக் குடுங்க. ஆனா என் பையன் மேல தப்பில்லன்னு அவங்க சித்தப்பாகிட்ட நீங்களே உங்க வாயால சொல்லணும்’ என்றார். அவர் முன்னாலேயே திருப்பூருக்குப் போன் போட்டுச் சொன்னேன். பணத்தைக் கொடுத்ததைவிட அந்த அழைப்பு கடினமாக இருந்தது. பையன் என்னிடம் பழையபடி பேசுவதில்லை. அது அவன் உரிமை.

வைரஸ், புழு, ட்ரோஜன் என்பவை எப்படி உள்ளே வருகின்றன, எப்படிப் பரவுகின்றன என்பதைச் சொல்லும் பெயர்கள். ரான்சம்வேர், திருடி, நாம் அடிக்கும் எழுத்தையெல்லாம் பதிவு செய்யும் கீலாகர், விளம்பரத்தைக் கொட்டும் ஆட்வேர், நம் கணினியைப் பிறரைத் தாக்க வாடகைக்கு விடும் பாட்நெட் நிரல் என்பவை உள்ளே வந்து என்ன செய்கின்றன என்பதைச் சொல்பவை. வந்த வழியில் புழுவான வானாகிரை, செய்த வேலையில் ரான்சம்வேர். என் வீட்டுக்கு வந்தது ட்ரோஜனாக வந்து பூட்டவும் செய்தது, திருடவும் செய்தது. நான் இவை எல்லாவற்றையும் ‘வைரஸ்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி, ஒரே வேலையைச் செய்தேன்.

வகை தெரிந்திருந்தால் அன்றிரவு நான் செய்திருக்க வேண்டியது தெளிவாக இருந்திருக்கும். புழுவாக இருக்கலாம் என்றால் முதலில் நெட்டைத் துண்டிக்க வேண்டும். அப்டேட்டைப் போட வேண்டும். ரான்சம்வேர் என்றால் பூட்டிய கோப்புகளையும் அந்தக் கடிதத்தையும் அழிக்காமல் தனி டிஸ்க்கில் எடுத்து வைக்க வேண்டும். நெதர்லாந்து போலீசும் யூரோபோலும் சேர்ந்து 2016இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் திட்டத்தில் சாவி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருடி என்றால் வேறொரு நல்ல கருவியிலிருந்து எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்றி, எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறும் வசதியை அழுத்த வேண்டும். அப்போதுதான் திருடுபோன குக்கீகள் செல்லாமல் போகும். பணம் போயிருந்தால் இன்று 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்கலாம். ஃபார்மேட் இவற்றுக்கெல்லாம் பிறகு வர வேண்டிய கடைசி வேலை.

நான் விண்டோஸ் போட்டுக் கொடுத்த வீடுகளுக்கு மறுபடியும் போனேன். அப்டேட்டை நிறுத்தியது நான் செய்த தவறு என்று சொன்னேன். சிலர் அசல் விண்டோஸ் வாங்கினார்கள். சிலர் லினக்ஸுக்கு மாற ஒப்புக்கொண்டார்கள். சிலர் ‘இவ்வளவு நாள் ஒண்ணும் ஆகலியே சார்’ என்று மறுத்தார்கள். அந்தப் பதிலை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான் என்பதால், மீண்டும் மீண்டும் போய்ப் பேசுகிறேன்.

உங்கள் தெருவில் கணினி தெரிந்தவர் நீங்கள் என்றால், உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கணினியில் ஏதோ நுழைந்துவிட்டது என்று தெரிந்த அந்த நிமிடம், அதில் யார் யார் தங்கள் கணக்கைத் திறந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கணினியைச் சரிசெய்யும் முன் அவர்களுக்குப் போன் செய்யுங்கள். எப்படி வந்தது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். உங்கள் மானம் கொஞ்சம் போகும், போகட்டும். நான் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்ட அந்தச் சில வாரங்களில்தான், ஒன்றும் அறியாத ஒரு பையனின் மானம் போனது.